நூற்றுநாற்பத்தோராம் சங்கீதம், பதினோராம் வசனம்

தம்பி,

நீ வருகிற சனிக்கிழமை கல்கரிக்குப் போகிறாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். பஸ்ஸில் இரண்டரை நாள் பயணம் என்றும், அங்கே உன் நண்பன் ஒருவன் சாமான் ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை பார்த்து வைத்திருக்கிறான் என்றும் சொன்னார். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் இந்த இரண்டு அறை அப்பார்ட்மென்ரில், ஒரே குளிர்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டு, இரண்டரை மாதமாகத் தகப்பனும் மகனும் பேசவில்லை. பேச்சை நிறுத்தியவன் நீ இல்லை. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் பொய் சொன்னேன். நாலாம் முறை நீ கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதை மூடிய உறையில் போட்டு உன் கையில் தந்திருக்கலாம். ஆனால் நான் செய்த பிழை மூடிய உறைக்குள் நடக்கவில்லை. ஸ்காபரோவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அது சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆகவே, நம் சபையார் ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டப வாசலில் வைக்கிற மாதப் பத்திரிகையில் இதைப் போடச் சொல்லிக் கேட்டேன். பத்திரிகையைப் பார்க்கிறவர் இதைக் கடைசிவரை வாசித்தார். பிறகு, பேரைப் போடாமல் விடுவோம் அண்ணை என்றார். நல்ல மனிதர். பேரைப் போடாவிட்டால் யாருக்குத் தெரியாது? செத்தவீட்டில் செபம் சொல்ல இங்கே என்னை விட்டால் ஆள் குறைவு. நீ போன மறுநாள்தான் பத்திரிகை வரும். நான் ஒளிந்துகொண்டேன் என்று இருக்கக்கூடாது என்பதால், கையெழுத்துப் பிரதியை இன்றைக்கே உன் அறைக் கதவடியில் வைக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீவில் நான் பள்ளிக்கூட வாத்தியார், கோயிலில் உபதேசியார். சுவாமியார் வராத நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், பிரேதத்துக்கு முன்னால் நடந்துபோய்க் குழியருகில் வசனம் சொல்வதும் என் வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழியருகில் சொல்கிற வசனத்தை எண்ணோடுதான் தொடங்க வேண்டும். எந்தப் புத்தகம், எத்தனையாம் அதிகாரம், எத்தனையாம் வசனம். எண்ணைக் கேட்டதும் சனம் கதையை நிறுத்தும், பெண்கள் அழுகையை அடக்குவார்கள். எண் இல்லாமல் சொன்னால் அது உபதேசியாரின் சொந்தக் கதை, அதற்கு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது கோயில் திருநாளுக்கு வசனப் போட்டி வைத்தோம். நீ ஒரு சொல் பிசகாமல் சொன்னாய், எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னாய். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் உன்னை வெயிலில் முழங்காலில் நிறுத்தினேன். நீ அழவில்லை. வசனம் சரிதானே அப்பா என்று மட்டும் கேட்டாய். எண் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது என்றேன். ஊருக்கு உபதேசம் என்று சொல்வார்களே, அதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். உன் முழங்காலில் ஒட்டியிருந்த மணலை அம்மா தட்டிவிட்டது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா அன்று என்னோடு பேசவில்லை.

சண்டையால் தீவை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட வருடம் நீ ஊரில் இல்லை. அதற்கு முந்தின வருடமே, உன் பதினைந்தாம் வயதில், மாமாவோடு உன்னை இங்கே அனுப்பிவிட்டோம். தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. வள்ளத்தால் இறங்கி, கரையிலிருந்து காட்டுப் பாதையால் இரண்டு நாள் நடை. அம்மாவின் தலையில் அரிசியும் உடுப்பும். என் தோளில் கோயில் பெட்டி. பூசைப் பாத்திரமும், ஞானஸ்நானப் பதிவுப் புத்தகங்களும், பீடத்துச் சீலைகளும் அதற்குள் இருந்தன. சுவாமியார் என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனது. என் சொந்த வேதாகமத்தையே வீட்டு மேசையில் விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்றால், எனக்கு அதில் எவ்வளவு பெருமை இருந்தது என்று பார்த்துக்கொள். முதல்நாள் பின்னேரமே தங்கச்சியின் செருப்பு அறுந்துவிட்டது.

"அப்பா, என்னைத் தூக்குங்கோ. கால் நோகுது," என்றாள்.

"கொஞ்சத் தூரந்தானம்மா, நட," என்றேன்.

அடுத்தநாளும் கேட்டாள். அடுத்தநாளும் அதையேதான் சொன்னேன். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது என்று ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த கோயிலில் கால் வைக்க இடமில்லாமல் சனம். ஐந்தாம் நாள் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. காலில் இருந்த புண்ணால் வந்தது என்று அங்கே இருந்த தாதி ஒருவர் சொன்னார். மருந்து இல்லை. எட்டாம் நாள் காலையில் தங்கச்சி போய்விட்டாள். பின்வளவு மணலில் குழி வெட்டினார்கள். சுவாமியார் இல்லை, புத்தகமும் இல்லை. உபதேசியார் நான் ஒருவன்தான், ஆகவே நானே நின்றேன். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. சங்கீதத்தில் பாதியைப் பாராமல் சொல்கிறவனுக்கு ஒரு வரி வரவில்லை. சனம் காத்துக்கொண்டு நின்றது. மணலில் இருந்தபடி அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேதத்திலை என்ரை பிள்ளைக்கு ஒரு வசனமும் இல்லையோ?" என்றார்.

என் வாய் சொன்னது: சங்கீதம் நூற்றுநாற்பத்தொன்று, பதினோராம் வசனம். வழியிலே களைத்தவளை நான் என் தோளிலே சுமப்பேன், அவளுடைய கால்கள் இனி நோவதில்லை.

அப்படி ஒரு வசனம் வேதத்தில் இல்லை. எண் வழக்கத்துக்காக வந்தது. வரி எங்கிருந்து வந்தது என்பது உனக்கு இப்போது விளங்கும். நான் செய்யாததைக் கடவுள் செய்வார் என்று, கடவுளைக் கேட்காமலே, அவர் வாயில் வைத்துவிட்டேன். அம்மா அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு எழும்பி, தன் கையால் ஒரு பிடி மண் போட்டார். அதுவரை மண் போட அவர் விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து நாங்களும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தோம். வந்த உடனே அம்மா தங்கச்சிக்கு நினைவு அட்டை அடிப்பித்தார். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஒரு படம், கீழே அந்த வரி, அதற்கும் கீழே எண். அச்சடித்தவருக்கு வரி பிடித்துவிட்டது. அடுத்த செத்தவீட்டுக்காரருக்கு மாதிரியாக அதைக் காட்டினார். அவர்கள் 'களைத்தவளை' என்பதைக் 'களைத்தவனை' என்று மாற்றித் தங்கள் தகப்பனுக்குப் போட்டார்கள். பிறகு இன்னொரு வீடு, பிறகு ரூஜ் ஆற்றுப் பக்கம் ஒரு வீடு. ஒருமுறை பிரேதத்துக்குப் பக்கத்தில் என்னையே அந்த வசனத்தை வாசிக்கச் சொன்னார்கள். எண்ணோடு வாசித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்கு, தன் சொல்லைக் கேட்டு ஒரு சபை அழுகிறது என்றால் கசக்குமா? என் பிள்ளையின் குழியருகில் சொன்ன பொய், இங்கே எனக்கு மரியாதை தேடித் தந்தது.

நீ பல்கலைக்கழகத்தில் எடுத்த ஆராய்ச்சியும் அதுதான். இங்கே வந்த தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் நினைவு அட்டைகளில் வேதத்தின் எந்த வரிகளைப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்று. முந்தின பனிக்காலம் முழுக்க பஸ்ஸில் அலைந்து வீடு வீடாக அட்டை சேர்த்தாய். சேர்த்த ஒவ்வொரு வசனத்தையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாய். ஒரு ஞாயிறு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கச்சியின் அட்டையோடு வந்து முன்னால் இருந்தாய்.

"அப்பா, நூற்றுநாற்பத்தொண்டிலை பத்து வசனந்தான் கிடக்கு. பதினொண்டு எங்கை?"

"உது உங்கடை இங்கிலிஷ் புத்தகத்தின்ரை கணக்கு. எங்கடை பழைய புத்தகத்திலை எண் மாறித்தான் வரும்," என்றேன்.

இதில் பாதி உண்மை. பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் சங்கீதங்களின் எண் ஒன்பதுக்குப் பிறகு ஒன்று குறைந்துதான் போகும், இரண்டு சங்கீதத்தை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். உன் பேராசிரியருக்கும் அது தெரிந்திருக்கும். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீ அன்றைக்கே பிடித்திருப்பாய். பாதி உண்மை கலந்து தந்ததால் விழுங்கிவிட்டாய். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்தச் சங்கீதத்துக்குப் பதினொரு வசனம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து மறுபடியும் வந்தாய். எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்று கேட்பார்கள், அந்தப் பழைய புத்தகத்தை எங்கே பார்க்கலாம் என்றாய். அது தீவு வீட்டோடு போய்விட்டது என்றேன். பக்கமாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. பழைய பதிப்பின் பேரையும் ஒரு பக்க எண்ணையும் சொன்னேன். இடதுபக்கம், கீழே, என்றும் சேர்த்துக்கொண்டேன். நீ தயங்கினாய்.

"நான் கண்ணாலை பாக்காத புத்தகத்தைப் பாத்தமாதிரி எழுதக்கூடாது அப்பா. உங்களிட்டைக் கேட்டது எண்டு போடட்டோ?"

"என்ரை பேரைப் போட்டால் ஆர் மதிப்பினம்? நான் பாத்தால் நீ பாத்தமாதிரித்தான். புத்தகத்தைப் போடு," என்றேன்.

அந்த இடத்தில் நீ சரியாகத்தான் நின்றாய். அப்பாவிடம் கேட்டது என்று போட்டிருந்தால், இன்றைக்கு உனக்கு ஒரு குறையும் வந்திராது. பிழை பிழையாகவே இருந்திருக்கும், ஆனால் அது என் தலையில் இருந்திருக்கும். நான்தான் உன் கையைப் பிடித்து என் பெயரை எடுத்துவிட்டு, இல்லாத பக்கத்தை எழுதவைத்தேன்.

கட்டுரையைப் பார்த்தவர்களில் ஒருவருக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனதாம். உன்மேல் சந்தேகப்பட்டு அல்ல, பிடித்துப்போனதால்தான், எங்கோ ஒரு குருமட நூலகத்திலிருந்து அந்தப் பழைய பதிப்பைத் தருவித்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்திருக்கிறார். நான் சொன்ன பக்கத்தில், இடதுபக்கம், கீழே, இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்ற வம்ச அட்டவணை இருந்தது.

அந்தச் செய்தியோடு நீ வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றார். நீ குரலை உயர்த்தவில்லை. அந்த வசனம் எங்கே இருக்கிறது என்று மூன்றாம் முறை கேட்டாய். நான் அம்மாவின் முதுகைப் பார்த்தேன். அவர்கள் வேறு பதிப்பைப் பார்த்திருப்பார்கள் என்றேன். நீயும் அம்மாவின் முதுகைப் பார்த்தாய். உனக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது.

"சரி. நீங்கள் சொன்னது எண்டு ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாங்கோ. வெள்ளிக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம்," என்றாய்.

நான் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை காலை நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். வேலைக்கு நேரமாகிறது என்றேன். எனக்கு அன்று வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். நீ தனியாகப் போனாய். அங்கே நீ என்ன சொன்னாய் என்பதை, நீ மேசையில் விட்டிருந்த அவர்களுடைய கடிதத்தை அகராதி வைத்து எழுத்துக்கூட்டித்தான் அறிந்தேன். இல்லாத ஆதாரத்தை உண்டாக்கினான் என்று எழுதியிருந்தார்கள். தன் பிழை என்று ஒப்புக்கொண்டான், வேறு ஒருவரையும் குறிப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். படிப்பிலிருந்து நீக்கம்.

அம்மாவுக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கு அந்த வரியை விட்டால் வேறு பிடி இல்லை, அதை எப்படிப் பிடுங்குவது என்று. நல்ல காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. அந்த வரி கடவுளுடையது இல்லை என்றால் யாருடையது என்று அடுத்துக் கேட்பார்கள். என்னுடையது என்றால், எனக்கு ஏன் அந்த நேரத்தில் தோளும் காலும் ஞாபகம் வந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உன்னைப் பலி கொடுத்தேன். ஒரு பிள்ளையைத் தூக்காததை மறைக்க இன்னொரு பிள்ளையை விழுத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தவன் நான், சோற்றைத் தின்றவன் நீ.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. நீ படித்த அந்த ஒழுங்குகளை, பதிப்பு, ஆண்டு, பக்கம் என்று நுணுக்கி நுணுக்கி எழுதுவதை, விசுவாசம் இல்லாதவர்களின் வேலை என்று நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு. அது அப்படி அல்ல. இது என் சொல், இது அவன் சொல் என்று பிரித்து வைப்பதைவிடப் பெரிய மரியாதை வேதத்துக்கு வேறு இல்லை. மற்ற எவருடைய சொல்லையும் பிழையாக எடுத்துக் காட்டினால், சொன்னவன் வந்து நான் அப்படிச் சொல்லவில்லை என்று சண்டை பிடிப்பான். கடவுள் வரமாட்டார். என்ன சொன்னாலும் பேசாமல் இருப்பார். ஆகவே அங்கேதான் ஆயிரம் முறை பார்த்து எழுதவேண்டும். கையில் இல்லாத புத்தகத்தை ஒருபோதும் காட்டாதே. காதால் கேட்டதென்றால் யார் வாயால் கேட்டது என்று எழுது, அது உன் தகப்பன் வாயாக இருந்தாலும். இனி நீ இதையெல்லாம் எழுதப்போவதில்லை என்பது தெரிந்தும் சொல்கிறேன். சாமான் பெட்டிகளில் ஒட்டுகிற சீட்டுக்கு இந்தப் புத்தி எதற்கு என்று நீ கேட்டால், அதுவும் நியாயம்தான்.

மாசி மாதம் ஒருநாள் உனக்குத் தெரியாமல் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஃபிஞ்ச் பஸ், பிறகு சப்வே, பிறகு சேற்றுப் பனியில் நடை. எந்தக் கட்டடம் என்று தெரியாமல் ஒரு மணித்தியாலம் சுற்றினேன். என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். மூடி, பெட்டி, பாரம், இடைவேளை, இவைதான் எனக்குத் தெரியும். பொய் சொன்னது என் மகன் இல்லை, நான், என்பதை அதில் சொன்னேன். அலுவலகத்தில் இருந்த பெண் இரக்கமானவர், கதிரை தந்து கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்துத் திகதியைக் காட்டினார். மறுவிசாரணை கேட்கிற நாள் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. வேண்டுமானால் எழுதித் தாருங்கள், உங்கள் மகனுடைய கடதாசிகள் இருக்கிற கோவையில் வைக்கிறோம் என்றார். எழுதிக் கொடுத்தேன். நீ கேட்ட அதே கடிதம்தான். நீ கேட்டபோது அது உனக்குத் தேவையாக இருந்தது, இப்போது அது கோவைக்குள் இருக்கிறது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு அட்டையில் அந்த வரி இருந்தால், அது வேதம் அல்ல. உங்களுடைய செத்தவர்களுக்கு என்னுடைய குற்றத்தை வாசித்துவிட்டேன். இனி செபத்துக்கு என்னைக் கூப்பிடவேண்டாம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மாவுக்குச் சொன்னேன். உன் பயணப் பைக்குள் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். முதலில் வசனத்தைச் சொன்னேன், பிறகு கோயில் பெட்டியைச் சொன்னேன், பிறகு தங்கச்சி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. கையில் இருந்த உன் சேட்டு ஒன்றை மடித்து முடித்து உள்ளே வைத்தார்.

"அவள் கேட்டது எனக்கும் கேட்டது," என்றார்.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். அவர் அடுத்த சேட்டை எடுத்தார். அதை மடிக்காமல் கன நேரம் கையில் வைத்திருந்தார்.

"அப்ப, கடவுள் அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. அன்றிலிருந்து அம்மா செபத்துக்கு முழங்காலில் நிற்கிறார், வாய் அசையவில்லை.

நேற்று அவர் கடைக்குப் போன நேரம் உன் பையைத் திறந்து பார்த்தேன். உடுப்புக்கு மேலே தங்கச்சியின் அட்டையை வைத்திருக்கிறார். வரிக்குக் கீழே இருந்த எண்ணைப் பேனாவால் அடித்திருக்கிறார், கடதாசி கிழிகிற அளவுக்கு அடித்திருக்கிறார். வரியைத் தொடவில்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுதுவதுதான் முறை, உன் படிப்பின்படியும் அதுதான் சரி. பேனாவை எடுத்துக்கொண்டு நின்றேன். அந்த வரியைச் சொன்னவன் நான். ஆனால் சுமப்பேன் என்று அதில் சொல்கிறவன் நான் இல்லை. எழுதாமல் பையை மூடிவிட்டேன்.

அப்பா